மண்ணறிந்த காலணி

உடம்பின் பாரத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்து நிற்பவை நம் பாதங்கள். ஆயினும் அவற்றுக்கு நாம் காட்டும் பரிவு மிகக் குறைவு. காலணி வாங்கக் கடைக்குச் செல்லும்போது முதலில் நிறத்தைப் பார்க்கிறோம். அடுத்துப் பளபளப்பைப் பார்க்கிறோம். பின்னர் விலையைக் கேட்கிறோம். செருப்பைத் திருப்பி அதன் அடிப்புறத்தைக் கூர்ந்து நோக்குபவர் மிகச் சிலரே. குதிரை வாங்கச் சென்றவன் சேணத்தை மட்டும் பார்த்து விலை பேசினால் நாம் நகைக்க மாட்டோமா? நம் செயலும் அத்தகையதே. காலணியின் பெருமை அதன் மேற்புறத்தில் இல்லை. மண்ணைத் தொடும் அடிப்புறத்தில்தான் இருக்கிறது. வழுக்காத பிடிமானம், ஓசையற்ற நடை என்னும் இரண்டும் நல்ல காலணியின் இலக்கணங்கள். அவ்விரண்டும் எந்த அளவில் வேண்டும் என்பதை நடப்பவரின் தொழிலும் அவர் நடக்கும் நிலமுமே முடிவு செய்தல் வேண்டும். இதுவே நான் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்டத்துப் பல்லடத்தையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் அது. அங்கே விசைத்தறிக் கொட்டகைகள் ஒருபுறம். கறிக்கோழிப் பண்ணைகள் மறுபுறம். மானாவாரி நிலங்களும் மேய்ச்சற் காடுகளும் இன்னொரு புறம். வெள்வேல முள்ளும் வேலிக்காத்தான் முள்ளும் சிந்திக் கிடக்கும் காட்டில் ஆடு மேய்ப்பவருக்கு முள் ஊடுருவாத தடித்த அடி வேண்டும். விசைத்தறிக் கொட்டகையில், எண்ணெய் சிந்திய தரையில் இரவெல்லாம் நின்று உழைப்பவருக்கு எண்ணெயிலும் நழுவாத அடி வேண்டும். அங்கே ஓசையற்ற நடையால் பயன் இல்லை. தறிகளின் பேரோசையில் எந்தக் காலடி கேட்கும்? திருப்பூரின் சாயப்பட்டறையில் பணிபுரிபவரோ நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கிறார். சாயநீர் காலில் படாதவாறு உயர்ந்து நிற்கும் ரப்பர்க் காலணி அவருக்கு வேண்டும்.

கோழிப்பண்ணையின் தேவை இவற்றினும் வேறானது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கொட்டகையில் வாழ்கின்றன. திடீரென எழும் ஓசையைக் கேட்டால் அவை மிரண்டு, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்; அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடியும். ஆகவே பண்ணையில் மெல்ல அடிவைத்து நடப்பது பண்பு மட்டும் அன்று. பொருளைக் காக்கும் வழியும் ஆகும். ஆனால் இங்கே மற்றொரு சிக்கல் எழுகிறது. நோய் பரவாதிருக்க, கொட்டகையின் வாயிலில் உள்ள மருந்து நீரில் காலணியை நனைத்த பின்னரே உள்ளே புகுதல் வேண்டும். அடியில் ஆழ்ந்த பள்ளங்கள் இருப்பின் எருவும் மண்ணும் அவற்றில் அடைந்துகொள்ளும். மருந்து நீர் உட்புறம் எட்டாது. நிலத்தைப் பற்ற உதவும் பள்ளமே நோயைச் சுமக்கும் பையாக மாறிவிடுகிறது. ஒரு குணத்தைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நடுநிலை காண்பதில்தான் காலணி வடிவமைப்பவரின் அறிவுத்திறன் விளங்குகிறது.

நாம் வழுக்கி விழுவது ஏன்? நடக்கும்போது பாதம் நிலத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது; உராய்வின் துணையால் நிலம் நம்மை முன்னோக்கிச் செலுத்துகிறது. உராய்வு குறைந்தால் கால் நழுவுகிறது. ஈரத்தரையில் காலணிக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று பரவி, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு தடுக்கிறது. அடியில் செதுக்கப்பட்ட நுண்ணிய கீற்றுகள் அந்நீர் வெளியேற வழி தருகின்றன. சேற்று நிலத்துக்கு இக்கீற்றுகள் போதா. அங்கே ஆழ்ந்த இடைவெளியுடன் விலகி நிற்கும் ரப்பர்க் கட்டைகள் வேண்டும். இடைவெளி குறுகியதாயின் சேறு அதனை நிரப்பி அடியை மழுக்கிவிடும். செய்பொருளும் கருதத்தக்கதே. மென்மையான ரப்பர் தரையின் மேடுபள்ளங்களில் படிந்து நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஈரப்பாறையில் நழுவும்.

இவ்வறிவை மனிதன் எளிதில் பெற்றுவிடவில்லை. 1935ஆம் ஆண்டில் இத்தாலிய மலையேறி விதாலே பிரமானியின் தோழர்கள் அறுவர் ஆல்ப்ஸ் மலையில் உயிரிழந்தனர். மலைக்கு ஏலாத காலணியும் அத்துயரத்துக்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். 1937இல் ஆழ்ந்த கட்டைகள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். அதே 1935இல் அமெரிக்கரான பால் ஸ்பெரி கப்பல் தளத்தில் வழுக்காத காலணி ஒன்றைச் செய்தார். பனிக்கட்டியின்மேல் தம் நாய் நழுவாமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்தில் இருந்த கீற்றுகளை ரப்பரில் கீறிப் பார்த்தார் என்பர். ஒருவருக்குத் துயரம் ஆசானாயிற்று. மற்றவருக்கு நாயின் பாதம் ஆசானாயிற்று. நம் ஊர்த் தொழிலாளிக்கோ வறுமையே ஆசானாயிற்று. தேய்ந்த டயரை அறுத்து, வார் கோத்து அவர் செய்த டயர்ச் செருப்பு முள்ளுக்கு அஞ்சாதது. கரட்டு நிலத்திலும் எளிதில் தேயாதது. அதைச் செய்த கைகளும் வடிவமைப்பாளரின் கைகளே.

இனி ஓசையைக் கருதுவோம். ஆனைமலைக் காட்டு யானையைப் பாருங்கள். எத்துணைப் பெரிய உடம்பு! ஆயினும் அது நடக்கும்போது காலடி ஓசை எழுவது அரிது. அதன் பாதத்தினுள் கொழுப்பும் நாரும் செறிந்த மெத்தை ஒன்று உண்டு. மிதிக்கும்போது அம்மெத்தை அகன்று பாரத்தைப் பரப்புகிறது, அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்கிறது. ஓசையற்ற காலணியின் மறைபொருளும் இதுவே. குதிகாலில் மென்மை, பாதத்தோடு வளையும் அடி, காலோடு ஒட்டி நிற்கும் கட்டு ஆகிய மூன்றும் அமைந்தால் ஓசை அடங்கும். குதிகாலைக் கட்டாத ரப்பர்ச் செருப்பு, காலைத் தூக்கும்போது தொங்கி, மீண்டும் வந்து குதிகாலில் அறைகிறது. ‘டப் டப்’ என்னும் ஓசை அதனால் எழுகிறது. மழைநாளில் அது சேற்றை அள்ளி வெள்ளை வேட்டியின் பின்புறத்தில் தெளிப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். தோல் மிதியடி ‘கிரீச்’ என ஒலிப்பதையே பெருமையாகக் கருதியவரும் உண்டு. நோயாளி உறங்கும் மருத்துவமனையிலும், மாணவர் பயிலும் நூலகத்திலும் அவ்வொலி பெருமை ஆகாது.

ஆயினும் ஓசையின்மை எவ்விடத்தும் நன்மையே என்று கொள்ளுதல் பிழை. பாம்புகள் நிலத்தின் அதிர்வை உணர்ந்து பெரும்பாலும் விலகிச் செல்லும் இயல்புடையவை. இருளில் வரப்பின்மேல் அரவமின்றி நடப்பவர் கண்ணாடி விரியனை மிதித்துவிடக்கூடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கடிகளுள் மிகுதியானவை காலிலேயே படுகின்றன. ஆகவே இரவில் வயலுக்குச் செல்பவருக்குக் கணுக்கால் மூடிய காலணியும் கைவிளக்கும் வேண்டும், மென்னடை வேண்டா. வெறுங்காலின் தீங்கு இவ்வளவில் நிற்பதில்லை. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உடம்பினுள் புகுகிறது. முள் குத்திய புண்வழியே கிருமிகள் புகுந்து பாதத்தைச் சிதைக்கும் நோய் ஒன்றுக்கு மருத்துவ உலகில் ‘மதுரைப் பாதம்’ என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டில் மதுரையில் அது கண்டு குறிக்கப்பட்டதே காரணம். நம் ஊரின் பெயர் ஒரு நோய்க்கு வாய்த்ததில் நாணம் இல்லை. உழவர் வெறுங்காலோடு முள்ளில் நடக்க விடப்பட்டதே நாணத்துக்குரியது.

காலணியே மருந்தான வரலாறும் நம் தமிழ்நாட்டில் உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் பாதங்களில் புண் ஆறாதிருப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். நோயினால் உணர்ச்சி மரத்துப்போக, ஆணி குத்தினாலும் கல் உறுத்தினாலும் அவர்கள் அறியாமல் மேலும் மேலும் நடந்தனர். புண்ணுக்கு அதுவே காரணம் எனக் கண்டார். பாதத்தின்கீழ் மென்மையான நுண்ணறை ரப்பரும், அதன்கீழ் உறுதியான அடியும் அமைந்த செருப்புகள் அவர்களுக்கு உதவின. அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவியதால் பாதங்கள் காக்கப்பட்டன. தைப்பவரின் ஊசியும் மருத்துவரின் கத்தியும் ஒரே நோக்கத்துக்குத் துணைநின்றன.

பிறர் பாதத்துக்கு அளந்ததை நாம் அணிவதும் பொருந்தாது. சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 - 2022 ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியப் பாதத்தினும் நம் பாதம் அகன்றது என்பது அதனால் தெளிவாயிற்று. நமக்கெனப் ‘பா’ என்னும் அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. காலுக்குச் செருப்பை ஏற்றதாக்காமல், செருப்புக்குக் காலை ஏற்றதாக்கி வருந்திய நிலை இனியேனும் மாறட்டும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஊரார் காலுக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த மக்கள், ஊர்த் தெருவில் தாம் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டனர். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலின மக்கள் பொது இடத்தில் செருப்பணிவதைத் தடுப்பதைக் குற்றம் என வெளிப்படையாகவே கூறுகிறது. அதன் பின்னரும், 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தது நாளேடுகளில் செய்தியாயிற்று. ஒரு மனிதன் செருப்பணிந்து நடப்பது செய்தியாகும் நாட்டில், நாம் நடக்க வேண்டிய தொலைவு இன்னும் மிகுதி. கல்லிலும் முள்ளிலும் வழுக்காத செருப்பை வடிவமைத்தல் அறிவின் கடமை. அதை எவரும் எத்தெருவிலும் அணிந்து நடக்கச் செய்தல் அறத்தின் கடமை. இரண்டாவது இன்றி முதலாவது நிறைவுறாது.

மாணவர்களே! அடுத்த முறை காலணி வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், அணிந்து நான்கு அடி நடந்து செவிசாய்த்துக் கேளுங்கள். உங்கள் தந்தையார் எந்த மண்ணில் நிற்கிறார், அன்னையார் எந்த ஈரத்தில் உழைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு ஏற்ற காலணி கடையில் இல்லையெனில், அதனை வடிவமைக்கும் பொறுப்பு உங்களுடையது. செருப்புத் தொழிலை இழிவென்று ஒதுக்கியவர்கள் தம் காலின் நலத்தையே ஒதுக்கியவர்கள் ஆவர். மண்ணை அறிந்து, மனிதரை மதித்துச் செய்யப்படும் காலணி எவரையும் வழுக்கி விழ விடாது.