பளபள பைப்பும் பாவப்பட்ட பம்பும்

நம்ம ஊர்ல பம்பு வாங்கப் போனா கடைக்கார அண்ணாச்சி கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான். "எத்தனை அடி ஆழம்? எத்தனை மாடி ஏத்தணும்?" இதைச் சொல்லிட்டா அரை ஹெச்.பி.யா ஒரு ஹெச்.பி.யான்னு அவரே முடிவு பண்ணி எடுத்து வச்சிருவார். தப்பே கிடையாது. போர்ல கிடக்குற தண்ணியை மொட்டை மாடி டேங்குக்கு ஏத்தணும்னா அதைத்தான் கேக்கணும்.

கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓடவிட்டு குளிர வைக்கணும்னு கிளம்புற பயலுகளும் இதே கணக்கைத்தான் போடுதாங்க. பெரிய பம்பா வாங்கு, கண்ணாடி மாதிரி பளபளக்குற பைப்பா வாங்கு, உள்ள கலர் லைட்டைப் போடு, போட்டோ எடு. ரேடியேட்டரா? மிச்சம் இருக்குற காசுக்கு ஏதோ ஒண்ணு.

என் கட்சி இதுக்கு நேர் எதிர். திருநெல்வேலி மாதிரி வெயில் ஊர்ல முதல் காசு ரேடியேட்டருக்கு, அடுத்தது ஆயுசு கெட்டியான பம்புக்கு. பைப்பு கறுப்பு ரப்பர் போதும். ஏன்னு வரிசையா சொல்லுதேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. சிபியு மேலயும் கிராபிக்ஸ் கார்டு மேலயும் செம்புல செஞ்ச ஒரு பிளாக் உக்காந்திருக்கும். அதுக்குள்ள ஓடுற தண்ணி சூட்டை வாங்கிட்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்க ஃபேன் காத்து அதை ஆத்தும். தண்ணி திரும்பி வரும். சுத்திச் சுத்தி இதே வேலை. ஓட வைக்க ஒரு பம்பு, தண்ணி நிக்க ஒரு சின்னத் தொட்டி. அவ்ளோதான் மேட்டர்.

உயரக் கணக்கு இங்க செல்லாது

மொட்டை மாடி டேங்க்ல தண்ணி மேல ஏறிக் கொட்டிரும், திரும்பி பம்புக்கு வராது. அதனால அந்த உயரம் முழுக்க பம்புதான் தூக்கணும். கம்ப்யூட்டர்ல இருக்குறது மூடின வட்டம். ஒரு பக்கம் ஏறுற தண்ணியோட கனத்தை மறுபக்கம் இறங்குற தண்ணி சரிக்கட்டிரும். பொட்டி ஒண்ணரை அடி உயரமோ மூணடி உயரமோ, ஓட ஆரம்பிச்ச பிறகு பம்புக்கு வித்தியாசமே தெரியாது.

அப்போ பம்பு அட்டையில "4 மீட்டர்"னு போட்டிருக்கானே, அது என்னத்துக்கு? அது உராய்வை ஜெயிக்கிறதுக்கு. சிபியு பிளாக்குக்குள்ள ஒரு மில்லிமீட்டரை விட ரொம்பக் குறுகலான சந்துகள் வரிசையா இருக்கும். தண்ணியைத் தடுக்குறது அதுதான். பைப்போட உள்விட்டம் 10 மி.மீ.யா 13 மி.மீ.யாங்குறது அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. "தடிச்ச பைப்பு போட்டா நல்லா ஓடும்"ங்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

எவ்வளவு ஓடுனா போதும்?

பத்தாங்கிளாஸ் இயற்பியல்தான். நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓடுற தண்ணி 70 வாட் சூட்டை வாங்குனா 1 டிகிரி ஏறும். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் தள்ளுதுன்னு வைங்க. நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடுனா தண்ணி ஒரு சுத்துல சுமார் 2.9 டிகிரி ஏறும். 4 லிட்டர்னா 1.4. 8 லிட்டர்னா 0.7.

பாருங்க, 4ல இருந்து 8க்குப் போனா மிச்சம் ஒரு டிகிரி கூட இல்ல. பிளாக்குக்குள்ள வேகமா ஓடுறதால இன்னும் கொஞ்சம் லாபம் உண்டு, ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஆனா ஓட்டத்தை ரெண்டு மடங்காக்க அழுத்தம் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேணும். பம்பு கத்தும், சூடாகும், அந்தச் சூட்டையும் தண்ணிக்குள்ளயே கொட்டும். யாருக்கு லாபம்?

அட்டையில போட்டிருக்குற "மணிக்கு 1500 லிட்டர்" எல்லாம் பைப்பே மாட்டாம, தடையே இல்லாம ஓடுற கணக்கு. பிளாக், ரேடியேட்டர் எல்லாம் மாட்டின பிறகு அதுல சின்னப் பங்குதான் ஓடும். அது போதும்.

நம்ம ஊர் வெயில்

தண்ணிக் குளிர்ச்சிக்கு ஒரு எல்லை உண்டு. ரேடியேட்டரால தண்ணியை அறைக் காத்தை விடக் குளிர வைக்க முடியாது. வெளிநாட்டு வீடியோக்காரர் 22 டிகிரி அறையில உக்காந்திருப்பார். ரேடியேட்டர் தண்ணியை அதுக்கு மேல 15 டிகிரியில வச்சாலும் 37தான் வரும். நமக்கு அக்னி நட்சத்திரத்துல பாளையங்கோட்டையில பகல் 38, 39 டிகிரி. ஏ.சி. இல்லாத ரூம்ல அதே ரேடியேட்டர், அதே 15 டிகிரி... தண்ணி 53ல நிக்கும். கதவைச் சாத்திக்கிட்டா பொட்டி தள்ளுற 400 வாட்டும் சேர்ந்து ரூமையே இன்னும் சூடாக்கும்.

இந்தத் துறையில ரொம்பப் பேர் நம்புற டி5 பம்புக்கு தண்ணிச் சூடு 60 டிகிரி தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். 53க்கும் 60க்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு? இந்த இடைவெளியைப் பெருசாக்குறது பம்பு இல்ல, பைப்பு இல்ல. ரேடியேட்டர் பரப்புதான். 360 மி.மீ. ரேடியேட்டர் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு போட்டா அந்த 15 டிகிரி கிட்டத்தட்ட பாதியாகும். எந்தப் பம்பாலயும் இதைச் செய்ய முடியாது.

எந்தப் பம்பு?

சந்தையில முக்கியமா ரெண்டு சாதி. ரெண்டுமே லெயிங் கம்பெனி வடிவமைச்சது. டி.டி.சி. சின்னது, அழுத்தம் ஜாஸ்தி. ஆனா அது தன்னோட சூட்டை அடிப்பக்கமா வெளிய விடும், அங்க காத்து படணும். டி5 கொஞ்சம் பெருசு, சுமார் 4 மீட்டர் அழுத்தம், முழு வேகத்துல 23 வாட் வரைக்கும் இழுக்கும். உள்ள சுத்துற பாகம் ஒரு பீங்கான் உருண்டை மேல உக்காந்து சுத்தும். அதைக் குளிர வைக்குறதும் உராயாம காக்குறதும் ஓடுற தண்ணிதான்.

நம்ம வெயிலுக்கு என் ஓட்டு டி5க்கு. அதுலயும் வேகத்தைத் திருப்பிச் சொல்ற வகையா வாங்குங்க. அந்த ஒயரை மதர்போர்டுல சிபியு ஃபேன் சொருகுற இடத்துல மாட்டி, பயாஸ்ல எச்சரிக்கை வச்சிருங்க. பம்பு நின்னா பொட்டி அலறணும். அப்புறம் முழு வேகத்துல ஓட்டாதீங்க, பாதி போதும்.

ஏர் கூலர்ல போடுற பம்பு, மீன்தொட்டி பம்பு எல்லாம் சல்லிசாக் கிடைக்குமேன்னு கேப்பீங்க. 2000 வாக்குல வெளிநாட்டுல இந்த விளையாட்டை ஆரம்பிச்சவங்களே மீன்தொட்டி பம்பும் பழைய கார் ஹீட்டர் ரேடியேட்டரும் வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. அப்போ வேற வழி இல்ல. நமக்குக் கிடைக்கிறது 230 வோல்ட் பம்பு. நின்னு போனாலும் மதர்போர்டுக்குத் தெரியாது. பொட்டிக்குள்ள 230 வோல்ட்டும் தண்ணியும் பக்கத்துல பக்கத்துல எதுக்கு?

எந்தப் பம்பானாலும் தண்ணி இல்லாம ஒரு நிமிஷம் கூட ஓட்டக் கூடாது. தொட்டி பம்புக்கு மேல இருக்கணும். முதல்ல போர்டுக்குக் கரண்ட் கொடுக்காம, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழயும் டிஷ்யூ பேப்பர் வச்சுப் பாருங்க.

பைப்பு புராணம்

ஹார்டுவேர் கடையில கொத்தனார் லெவல் பார்க்க வாங்குற தெளிவான ட்யூப் தெரியும்ல? அது பிவிசி. அதை வளைய வைக்குறதுக்குன்னு சேர்த்த பொருள் சூட்டுல மெல்லக் கசிஞ்சு தண்ணியில கலக்கும். ட்யூப் பால் நிறமாகும், அந்தப் பிசுக்கு பிளாக் சந்துகள்ல போய் அடைக்கும். இதுக்குன்னே விக்குற பிவிசி ட்யூப்லயும் கம்மியா இந்தக் குணம் உண்டு. சிலிக்கான் ட்யூப் நல்லா வளையும், ஆனா தண்ணி ஆவியா அதுவழியா வெளிய போயிட்டே இருக்கும். அடிக்கடி ஊத்தணும்.

கண்ணாடி மாதிரி நிக்குற பைப்புல பெட்ஜி சுலபமா வளைக்கலாம். ஆனா 80 டிகிரி வாக்குல இளகிரும், தண்ணி 60 தாண்டாமப் பார்த்துக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க. இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. 53 டிகிரியில ஓடிட்டு இருக்கும்போது பம்பு நின்னு போச்சு. சிபியு தன்னைக் காப்பாத்திக்கும், 100 டிகிரி பக்கத்துல வேகத்தைக் குறைக்கும். ஆனா பிளாக்குல தேங்கின தண்ணி கொதிநிலைக்குப் பக்கத்துல போகும். அதை ஒட்டின பைப்பு நெளியும், ஃபிட்டிங்குல பிடி விடும். பம்பு மட்டும் போக வேண்டிய இடத்துல மொத்தப் பொட்டியும் போகும். அக்ரிலிக் இன்னும் சூடு தாங்கும், ஆனா அறுக்கும்போதே விரிசல் விடுற சாதி.

ஈ.பி.டி.எம். ரப்பர்னு ஒண்ணு இருக்கு. கார் ரேடியேட்டர் ஓஸ் செய்யுற அதே ரப்பர். இன்ஜின் சூட்டுலயே வருஷக்கணக்கா கிடக்குற சாதிக்கு நம்ம 53 டிகிரி தூசு. கறுப்பா இருக்கும், லைட் போட்டா தெரியாது. உள்ள 10, வெளிய 16 மி.மீ. எடுத்தா லேசுல மடங்காது.

ஏ.சி. மெக்கானிக் கிட்ட செம்புக் குழாய் வாங்கிப் போடலாம்னு நினைக்குறவங்களுக்கு: அது இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச்னா 12.7 மி.மீ. 12 மி.மீ. ஃபிட்டிங்குக்குள்ள போகாது. அளந்துட்டு வாங்குங்க.

தலைமடை, கடைமடை

சிபியுவுக்குத் தனி வழி, கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி வழின்னு தண்ணியைப் பிரிக்கலாமான்னு கேக்காவ. நெல்லைக்காரனுக்கு இதைப் பாடம் எடுக்கவே வேண்டாம். தாமிரபரணியில கோடைமேலழகியான்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு. பம்பே இல்லாம தண்ணி தானா கால்வாய்ல பிரிஞ்சு ஓடுது. தலைமடையில தாராளமா எடுத்துட்டா கடைமடைக்காரன் வானத்தைப் பார்க்கணும். பொட்டியிலயும் அதே கதை. தடை கம்மியா இருக்குற பிளாக் தண்ணியை இழுத்துக்கும், இன்னொண்ணு காயும். அதனால எல்லாத்தையும் ஒரே கோட்டுல வரிசையா மாட்டுங்க. எது முன்னால எது பின்னாலங்குறது முக்கியமில்ல. வட்டம் முழுக்க வித்தியாசமே ஒண்ணு ரெண்டு டிகிரிதான்னு மேலயே கணக்குப் போட்டோமே.

சரி, அழகு?

பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ற தம்பி ஒருத்தன், "அண்ணே, கஸ்டமர் வந்து பார்க்குற பொட்டி, பளபளன்னு இருந்தாத்தானே மதிப்பு"ன்னான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவன் பொட்டி முகூர்த்த மாசத்துல ராத்திரி பூரா ஓடுது. உள்ள கிடக்குறது அடுத்தவங்க வீட்டுத் தாலி கட்டுற காட்சி. ஒழுகினா இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? பெரிய கம்பெனிக்கே இது சறுக்கியிருக்கு. 2004ல ஆப்பிள் தண்ணிக் குளிர்ச்சியோட விட்ட பவர் மேக் ஜி5ல சிலது பின்னால உள்ளயே ஒழுகி போர்டை அரிச்சது. நம்ம ஊர்லயோ ஒரு ஃபிட்டிங் போனா ஆன்லைன்ல ஆர்டர் போட்டு கூரியருக்குக் காத்துக் கிடக்கணும். அந்த நாலு நாளுக்கு கல்யாண வீட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?

அவனுக்கு நான் சொன்னது இன்னும் கசப்பு. "தம்பி, உனக்கு நல்ல ஏர் கூலரே போதும். மிச்சக் காசுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கிப் பேக்கப் எடு." சிபியு, கிராபிக்ஸ் கார்டு ரெண்டும் மணிக்கணக்கா முழு வேகத்துல ஓடி, சத்தமும் தாங்க முடியலன்னாத்தான் தண்ணிப் பக்கம் வரணும். ஏ.சி. ரூம் இருக்கு, வருஷம் ஒருக்கா பிரிச்சுக் கழுவப் பொறுமை இருக்குன்னா பளபள பைப்பு போடுங்க, ரசிக்க நானும் வாரேன். தொழில் ஓடுற பொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

பதிவர்கள்ல யாராவது மே மாசத்துல ஏ.சி. இல்லாம தண்ணிப் பொட்டி ஓட்டியிருந்தா, தண்ணி எத்தனை டிகிரியில நின்னுச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. என் கணக்கு தப்புன்னா சண்டைக்கும் வரலாம் :-)

பி.கு: தாமிரபரணித் தண்ணி எவ்வளவு ருசின்னாலும் பொட்டிக்குள்ள ஊத்தாதீங்க. உப்பு படியும், பாசி பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாசி மருந்தும் அரிப்புத் தடுப்பு மருந்தும் கலந்து ஊத்துங்க. பேட்டரி ஆசிட் கேனை எடுத்துட்டு வந்துராம லேபிளைப் படிங்க. அப்புறம் செம்பு பிளாக்குன்னா ரேடியேட்டரும் செம்பு, பித்தளையாவே இருக்கட்டும். அலுமினியத்தைக் கூடச் சேர்த்தா தண்ணிக்குள்ள அலுமினியம் அரிச்சுப் போகும். தாமிரத்தைப் பேர்லயே வச்சிருக்குற ஆத்தங்கரைக்காரனுக்கு இதையும் நான் சொல்லணுமா?