கிழடு தட்டிய நாயும் கறவை வற்றிய பசுவும்

கேள்வி: "எங்கள் தோட்டத்து நாய்க்கு 14 வயது. மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் குட்டியாக வந்தது. இப்போது மகள் காலேஜ் முடிக்கப் போகிறாள். இத்தனை வருஷமும் சாளைக்கு ராத்திரிக் காவல் அதுதான். இரண்டு மாதமாக எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது. கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. சில நாள் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. 'வண்டியில் ஏற்றிச் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள்' என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?"

- வாசகி, கோபிசெட்டிபாளையம்.

சந்தையில் விடுவது மட்டும் வேண்டாம். அறிமுகமில்லாத இடத்தில் அங்குள்ள நாய்கள் கிழட்டு நாயைச் சேர்க்காது, கடித்துக் குதறிவிடும். தண்ணீர் இருக்கும் இடம் தெரியாது, ஓடவும் முடியாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாட்டு நாய்களின் ஆயுள் பொதுவாக 12 முதல் 15 வருடம். ஆகவே இந்த நாய் முழு ஆயுளை நெருங்கிவிட்டது. ஆனால், 'வயசாகிவிட்டது, அவ்வளவுதான்' என்று உடனே முடிவுகட்டக் கூடாது. முதுமை வேறு, நோய் வேறு. நோயாக இருந்தால் அதில் பாதிக்கு மருந்து உண்டு.

எழும்போது தடுமாறி, பத்தடி நடந்த பிறகு சரியாக நடந்தால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். கண்ணில் லேசான நீலச் சாம்பல் நிறம் வந்தும் நாய் எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடந்தால், அது வயதுக்கான மாற்றம். பால் போல வெளுத்து, பார்வையும் போயிருந்தால் கண்புரை. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறோ, சர்க்கரை நோயோ இருக்கலாம். பெட்டை நாயாக இருந்து, பருவத்துக்கு வந்துபோன சில வாரங்களில் தண்ணீர் அதிகம் குடித்து, தீனி குறைந்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். இது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம். இவற்றில் எது என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. வழுக்கும் டைல்ஸ், சிமென்ட் தரையில் படுக்க விடாமல், பழைய சாக்கை இரண்டு மூன்றாக மடித்துப் போட்டு அதன்மேல் படுக்க வைக்கலாம். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் புண் வரும். அதனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர் பட்ட ரோமத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, உலர விட வேண்டும். ஈரத்தோடு விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தீனியை ஒரே வேளையாகப் போடாமல் மூன்று வேளையாகப் பிரித்து, குழைய வடித்த சோற்றில் அவித்த முட்டையைப் பிசைந்து கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முட்டை, கறியின் அளவை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர்ச் சட்டி, தலையைத் தூக்கினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பார்வை மங்கிய நாய்க்குச் சட்டியையும் படுக்கையையும் இடம் மாற்றாமல் இருப்பதே பெரிய உதவி.

'எதுவரைக்கும் பார்ப்பது' என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்குத் தினசரிக் காலண்டரே போதும். நாய் தானாகச் சாப்பிட்டு, கொஞ்சமாவது எழுந்து, வீட்டு ஆளைக் கண்டு வாலாட்டினால் அந்தத் தேதியில் ஒரு சுழி. சாப்பிடாமல், முனகிக்கொண்டே கிடந்தால் ஒரு பெருக்கல் குறி. நல்ல நாள் ஒன்று வந்தால் கெட்ட நாட்கள் மறந்துபோவது பாசத்தின் இயல்பு. காலண்டர் மறக்காது. பெருக்கல் குறிகள் சுழிகளைத் தாண்டி, 'இனி வலியைக் குறைக்க வழியில்லை' என்று மருத்துவரும் சொன்னால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி அவரிடமே பேசலாம். முதலில் மயக்கம் வரச் செய்து, நாய் நினைவிழந்த பிறகே ஊசி வழியாக உயிரைப் பிரிய விடுவார். இதைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். சோற்றில் பூச்சிமருந்து கலந்து வைப்பது கொடுமை, குற்றம். அந்தச் சாவு மணிக்கணக்கில் துடித்துச் சாகும் சாவு. அதைத் தின்னும் காக்கையும் சேர்ந்து சாகும்.

வீட்டார் ஒருவராவது கடைசி நேரத்தில் கூட இருந்து, நாயின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்க முடிந்தால் நல்லது. காது கேளாத நாய்க்கும் பழகிய கையும் பழகிய வாசனையும் தெரியும். மகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். 'என்னிடம் சொல்லாமல் முடித்துவிட்டீர்களே' என்ற குறை பல வருஷம் ஆறாது.

கேள்வி: "எங்கள் நாட்டுப் பசுவுக்கு 18 வயது. 11 ஈத்து ஈன்றது. இன்று தொழுவத்தில் நிற்கும் மாடுகளில் பாதி அதன் வம்சம். மூன்று வருஷமாகக் கறவை இல்லை, சினையும் பிடிக்கவில்லை. தரகர் வாரம் ஒருமுறை வந்து கேட்கிறார். 'வெறுமனே தீனி போடுகிறோம், கொடுத்துவிடலாம்' என்கிறான் மகன். கொடுத்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வைத்திருப்பது முட்டாள்தனமா?"

- வாசகர், மணப்பாறை.

விற்பது பாவம் என்று சொல்லிவிடுவது சுலபம். வைக்கோல் வாங்குவது சொல்கிறவர் அல்ல. அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நல்ல பராமரிப்பில் 20 வயதைத் தாண்டும் நாட்டுப் பசுக்கள் உண்டு. ஆகவே இன்னும் சில வருடங்களுக்கான செலவு என்று வைத்துக்கொள்ளலாம். 250 முதல் 300 கிலோ எடையுள்ள பசுவுக்குக் காய்ந்த எடையில் நாளைக்கு 6 முதல் 7 கிலோ தீவனம் போதும். கறவை மாட்டுக்குப் போடும் அடர்தீவனம் தேவையில்லை. வரவுப் பக்கத்தில், நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணமும் சில லிட்டர் கோமியமும் கிடைக்கும். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்குத் தேவைப்படும் சாணம் அந்த 10 கிலோதான். அது ஒரு ஏக்கருக்கு ஆகும். தொழுவுரமும் ஜீவாமிர்தமும் பயன்படுத்துகிற வீட்டில் கறவை வற்றிய பசு 'வெறுமனே' தின்னவில்லை. கடையில் உரம் வாங்குகிற வீட்டில் சாணம் குப்பையில் போகிறது என்றால் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கணக்கை அப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். தரகர் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் கவனிக்க வேண்டியது பல். 18 வயதில் பல் தேய்ந்து, சில விழுந்தும் இருக்கும். முழு வைக்கோலை மெல்ல முடியாமல் உருட்டித் துப்பினால் அதுதான் காரணம். பசுந்தட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிப் போடலாம். இளமாடுகள் முட்டித் தள்ளிவிடும் என்பதால் கிழட்டு மாட்டைத் தனிக் கட்டுத்தறியில் கட்டி, தனியாகத் தீனி வைக்க வேண்டும். கான்கிரீட் தரையைவிட மண் தரை நல்லது. குளம்பை வளரவிடக் கூடாது.

வைத்துக்கொள்ள வழியே இல்லையென்றால், சாணத் தேவை உள்ள இயற்கை விவசாயி யாராவது உறவிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். கோசாலையில் விடுவதாக இருந்தால் பெயரை நம்பி விடாமல் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே நிற்கிற மாடுகளின் விலா எலும்பும் தண்ணீர்த் தொட்டியும் உண்மையைச் சொல்லிவிடும்.

பசு படுத்துவிட்டு எழவில்லையென்றால் இலவச எண் 1962-ஐ அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வலிக்கு ஊசி போடும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடுகளுக்கு டைக்ளோபினாக் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம். கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் ஆகியவற்றுக்கும் 2023-ல் தடை வந்தது. கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு நம் தொழுவத்தில் போடும் ஊசியும் ஒரு கணக்கு.

கேள்வி: "13 வருஷம் எங்களோடு இருந்த நாய் போன வாரம் இறந்துவிட்டது. தென்னந்தோப்பில் புதைத்தோம். ஆறு வயதுப் பேரனிடம் 'மாமா வீட்டுக்குப் போயிருக்கு' என்று சொல்லிவிட்டோம். அவன் தினமும் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நிற்கிறான். உடனே வேறு குட்டி வாங்கிக் கொடுத்துவிடலாமா?"

- வாசகி, பேராவூரணி.

குட்டி பிறகு. முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'மாமா வீட்டுக்குப் போயிருக்கு' என்றால் திரும்பி வரும் என்று பொருள். பேரன் சொன்னதை நம்பித்தான் பஸ்ஸுக்கு நிற்கிறான். நாள் ஆக ஆக, 'என்மேல் கோபம், அதனால் வரவில்லை' என்று அவனாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வான். அதுதான் அவனுக்கு அதிக வலி.

சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். 'அதுக்கு ரொம்ப வயசாயிடுச்சு, உடம்பு முடியாம செத்துப்போச்சு. இனி வராது. உன்மேல ஒரு தப்பும் இல்ல' என்று அவன் பேசுகிற பேச்சிலேயே சொன்னால் போதும். 'தூங்கிடுச்சு' என்று சொன்னால் சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். முன்பு வேறு மாதிரி சொன்னதற்கு, 'நீ அழுவேன்னு பயந்து அப்படிச் சொல்லிட்டோம்' என்று ஒப்புக்கொள்ளலாம். அழுவான், அழட்டும். பிறகு தோப்புக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டி, அவன் கையால் ஒரு கன்று நடச் சொல்லலாம். தண்ணீர் ஊற்றும் வேலையும் அவனுடையதாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ராத்திரி வெளியே வரும்போது கால் தானாக நாய் படுக்கும் இடத்தைத் தாண்டி வைக்கும். சோறு மிஞ்சினால் கை தானாகச் சட்டியைத் தேடும். 'ஒரு நாய்க்குப் போய்' என்று ஊரார் சொல்வதால் பலர் இந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. 13 வருஷம் ஒரே வாசலில் இருந்த உயிருக்காக வருந்துவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

புதைத்த இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாய்க்கு 3 முதல் 4 அடி ஆழம் வேண்டும். மேலே கல்லோ முள்ளோ போட்டால் மற்ற நாய்கள் தோண்டாது. மயக்க ஊசியால் இறந்த பிராணியை இன்னும் கவனமாக ஆழப் புதைக்க வேண்டும், தோண்டித் தின்னும் பிராணியையும் அந்த மருந்து கொல்லும். மாட்டுக்கு 6 முதல் 8 அடிக் குழி தேவை. கிணறு, வாய்க்கால், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, மேட்டு நிலமாகப் பார்த்துத் தோண்ட வேண்டும். மாடு திடீரென இறந்து மூக்கு, வாய், ஆசனவாயில் ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்கக் கூடாது, தோலுரிக்கக் கூடாது, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். காப்பீடு செய்த மாடாக இருந்தால் காதுவில்லையைக் கழற்றாமல், புதைக்கும் முன்பே நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தகவல் கொடுக்க வேண்டும்.

இனி குட்டி. பேரனே 'வேணும்' என்று கேட்கும்வரை பொறுத்திருங்கள். பழைய நாயின் பெயரைப் புதுக் குட்டிக்கு வைத்தால் பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பான், வேறு பெயர் நல்லது. பழைய நாய் ரத்தக்கழிச்சலால் இறந்திருந்தால் அந்தப் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முழுத் தடுப்பூசியும் போடாத குட்டியை அந்த வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. முதுமையால் இறந்திருந்தால் அந்தப் பயம் இல்லை. எப்படியானாலும் மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருஷம் தவறாமல் ஒன்று.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்வர் இருவரைக் கடித்த செய்தியையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,300 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாயின் பெயர் தெரிகிறது. பேரனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தோப்பில் நடும் கன்றின் அருகே ஒரு கல்லில் சுண்ணாம்பால் நாயின் பெயரை அவனையே எழுதச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எழுத்துகள் தெரிந்திருக்கும்.