சேற்றுப் பாதைக்குச் சிமெண்டு வேண்டுமா?

கோத்தா டாமன்சாராவின் அடுக்குமாடி வீடுகளுக்கு அருகே ஒரு சிறு ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த ஏரிக்கரையில் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலர் கோத்தா டாமன்சாரா சமூக வனத்துக்குள் நுழைகிறார்கள். ஏற்றம், இறக்கம், ஓடை, மறுபடியும் ஏற்றம் என்று காட்டைச் சுற்றி, புறப்பட்ட ஏரிக்கே திரும்பிவிடலாம். தெமுவான், சலாஹூடின், தீகா புத்ரி எனப் பாதைகளுக்குப் பெயர்களும் உண்டு. இவற்றுள் தெமுவான் என்பது சிலாங்கூரில் வாழும் பூர்வகுடி இனத்தின் பெயர்.

முதன்முறை வருவோர் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: “ஒரே சேறு!” அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. முந்தைய நாள் மாலை மழை பெய்திருந்தால், குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வான இடங்களில் கணுக்கால் புதையும். மேட்டிலிருந்து வடியும் நீர் அங்கே தங்குகிறது. உதிர்ந்த இலைகள் மக்கிக் கருஞ்சேறாகின்றன. எனவேதான், “பாதை முழுவதும் சிமெண்டு போட்டால் என்ன?” என்ற கேள்வி எழுகிறது. முதியோரும் நடக்கலாம், வழுக்கி விழும் விபத்தும் குறையும் என்பது இவ்வாறு கேட்போரின் வாதம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏரியைச் சுற்றிச் சமதளமாக ஒரு நடைபாதை இருப்பது நல்லதே. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் மரங்களின் நிழல் வேண்டுமல்லவா?

ஆனால், காட்டின் உட்பகுதிக்குச் சிமெண்டு ஆகாது. சேறும் இலைமக்கும் மழைநீரை உறிஞ்சி, பின்னர் மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. சிமெண்டுத் தளத்திலோ நீர் நிற்பதில்லை. வேகமாக ஓடி இரு ஓரத்து மண்ணையும் அரித்துச் செல்லும். ஒரு மணி நேர மழைக்கே சாலைகள் நீரில் மூழ்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது சிறிய செய்தி அன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு காட்டால் அத்தகைய பெருவெள்ளத்தைத் தடுத்துவிட முடியாதுதான். என்றாலும், நீரை உறிஞ்சும் நிலத்தை ஒவ்வொரு துண்டாக மூடிக்கொண்டே போனால், மழைநீர் எங்கே போகும்?

மிகவும் ஆழமாகச் சேறு நிற்கும் இடங்களில் மட்டும், நிலத்துக்குச் சற்று மேலே மரப்பலகை நடைபாதை அமைக்கலாம். நீர் அடியில் ஓடும். தவளைகளும் தட்டாம்பூச்சிகளும் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சேற்றைக் கண்டு ஒதுங்கி நடப்பதிலும் ஒரு தீங்கு இருக்கிறது. பத்துப் பேர் சேற்றின் ஓரமாகச் செடிகளை மிதித்து நடந்தால், அந்த ஓரமும் சேறாகிறது. அடுத்த பத்துப் பேர் இன்னும் விலகி நடப்பார்கள். இப்படியே ஓரடிப் பாதை பத்தடியாக அகன்றுவிடும், மரக்கன்றுகள் மடியும், பெரிய மரங்களின் வேர்கள் வெளியே தெரியும். காலணியைக் காப்பாற்ற நினைப்பவர் காட்டைக் கெடுக்கிறார். எனவே, நடுச்சேற்றில் இறங்கி நேராக நடப்பதே முறை. (சேறு, சகதி, உளை, அள்ளல் என்று தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! வயலில் இறங்கி வாழ்ந்தவர்களின் மொழி வேறு எப்படி இருக்கும்?) நம் தாத்தா பாட்டிகளுள் பலர் விடியும் முன்னரே பால்மரம் வெட்டச் சென்றவர்கள். தோட்டத்துச் சேறும் அட்டைக்கடியும் அவர்களுக்கு அன்றாட அனுபவம். அவர்களின் பேரப்பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் சேற்றில் கால் வைத்தால் குறைந்து போய்விட மாட்டார்கள்.

இந்தக் காடு இன்று இருப்பதே பெரிய செய்தி. 1898இல் அமைக்கப்பட்ட சுங்கை பூலோ வனக் காப்பகத்தின் எஞ்சிய துண்டு இது. 6,000 ஹெக்டருக்கும் மேல் பரந்திருந்த அக்காடு, வீடமைப்புக்கும் சாலைக்குமாகச் சிறிது சிறிதாகக் குறைந்தது. சுற்றுவட்டார மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின்னர், 2010இல் சுமார் 320 ஹெக்டர் நிரந்தர வனக் காப்பகமாக அரசிதழில் வெளியிடப்பட்டது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட காடும் என்றென்றும் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2021இல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் 536 ஹெக்டருக்கும் மேற்பட்ட கரிமண் சதுப்புக் காடு அத்தகுதியை இழந்தது. அங்கு வாழும் தெமுவான் மக்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்ததால், அதே ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அம்முடிவைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் அந்தக் காட்டை அறிந்தவர்கள். படத்தில் மட்டுமே காட்டைப் பார்த்த ஒருவர் அதற்காகக் குரல் கொடுப்பாரா என்பது ஐயமே.

ஆகவே, இடைநிலைப் பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் இத்தகைய ஒரு சுற்றுநடையைச் சேர்க்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. முன்னேற்பாடு மட்டும் வேண்டும். நம் ஊரில் இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகையால் காலையிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் ஏரிக்குத் திரும்பிவிட வேண்டும். காலில் புண் உள்ளவர் அதை நன்கு மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல், தேங்கிய நீரில் கலந்திருக்கும் எலிச் சிறுநீரால் நோய் தொற்றக்கூடும். அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது கடித்த இடத்தில் இரத்தம் சற்று நேரம் கசியும், அவ்வளவுதான். எம்.ஆர்.டி. இரயிலில் வீடு திரும்புவோர் மட்டும் பையில் ஒரு மாற்றுக் காலணியை வைத்துக்கொள்வது நல்லது.