எந்த ஔவையார்?

சென்ற மாதம் நம் சங்கக் குழந்தைகளின் பேச்சுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையார்தான் ஆத்திசூடி பாடினார் என்று ஒரு சிறுமி அழகாகப் பேசினாள். இருவரும் வேறு வேறு, இடையே பல நூற்றாண்டுகள் என்பதே ஆய்வாளர் முடிவு. ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரில் என்றால் தமிழாசிரியர் திருத்தியிருப்பார். இங்கே கணினிதான் அவளுக்குத் தமிழாசிரியர்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு வழி இருக்கிறது. கட்டுரையின் தலைப்பகுதியிலேயே, "இது சங்கப் புலவரைப் பற்றியது, ஆத்திசூடி பாடியவருக்கு வேறு பக்கம் பார்க்க" என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு 'வார்ப்புரு' என்ற அச்சு உண்டு. இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் அதன் பெயரையும் விவரங்களையும் எழுதினால் போதும், வரி தானே அமைந்துவிடும். வார்ப்புருவின் வாசகத்தை ஓரிடத்தில் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களிலும் திருந்திவிடும்.

ஆனால் குழப்பம் எங்கே என்று அச்சுக்குத் தெரியாது. திங்கள் என்றால் நிலவா, கிழமையா, மாதமா? கபிலர் என்றால் எந்தக் கபிலர்? ஊரில் தமிழ் படித்து வந்த நமக்குத்தான் அது தெரியும். பணி ஓய்வு பெற்ற அன்பர்கள் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாமே! மேடையில் குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட அது மேல்.