ஒருநாள் துடைப்பம்

அக்டோபர் 2 நெருங்கினால் நம் கல்லூரிகளுக்குத் துடைப்பத்தின் மீது திடீர்க் காதல் பிறந்துவிடுகிறது. 2014இல் அதே நாளில் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்ட பின்னர் அக்காதல் அரசுச் சடங்காகவும் ஆகிவிட்டது. சாலையோரத்தில் பதாகை, புதுக் கையுறை, சிறப்பு விருந்தினர், நிழற்படம், பிறகு தேநீர். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ஃபிளக்ஸ் பதாகையும் குப்பைதான். கட்டிவைத்த மூட்டைகளை மறுநாள் விடியலில் அள்ளிச் செல்பவர் மட்டும் படத்தில் இருப்பதில்லை.

தன்னார்வப் பணியை நாம் பழிக்கவில்லை. தீட்டு இன்னும் சாகாத நாட்டில், பிறர் எறிந்ததை ஒரு மாணவர் குனிந்து எடுப்பது சிறிய செயலன்று. நம் வினா வேறு. விரும்பி ஒருநாள் செய்பவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. வேறு வழியின்றி நாள்தோறும் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது?

2025 ஆகஸ்டில் சென்னை அதற்கு விடை சொன்னது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கோரியும் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். பதின்மூன்றாம் நாள் இரவில், உயர் நீதிமன்ற ஆணையைக் காட்டி, காவல்துறை அவர்களைக் கைதுசெய்து அகற்றியது. துடைப்பத்தோடு படமெடுத்துக்கொண்ட அமைப்புகளுள் எத்தனை அங்கே போய் நின்றன?

தகழியின் ‘தோட்டியின் மகன்’ மூன்று தலைமுறைத் துப்புரவாளரின் கதை. சுந்தர ராமசாமியின் தமிழில் அதைப் படித்து நெகிழ்ந்தவர்கள் நம்முள் பலர். நம் தெருவைப் பெருக்குபவரின் மாதக் கூலி எவ்வளவு என்று அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு தரப்பும் படத்தில் இல்லை. சாலையோரத்தில் நாம் பொறுக்குபவை பெரும்பாலும் என்ன? ஷாம்பு உறை, நொறுக்குத்தீனிப் பை, தண்ணீர்ப் புட்டி. புட்டியையாவது பழைய பொருள் கடைக்காரர் வாங்குவார். பல அடுக்கு உறையைத் தொடவும் மாட்டார். 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றுக்கான பொறுப்பை உற்பத்தி செய்து விற்கும் நிறுவனங்கள் மீதே சுமத்துகின்றன. எனினும் மேடையில் அறிவுரை பெறுபவர்கள் மாணவர்கள். விற்றவரை விட்டுவிட்டுத் தின்றவரை மட்டும் திட்டுவது என்ன நியாயம்?

ஆகவே ஒன்று செய்யலாம். அடுத்த முறை பொறுக்கியவற்றை நிறுவனப் பெயர்வாரியாக எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். அத்தெருவின் பணியாளரிடம் கையுறை கிடைக்கிறதா, வார விடுப்பு உண்டா, கூலி முழுதாக வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவரோடு சேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். மனு எழுதும் தமிழாவது நம்மிடம் இருக்கிறதல்லவா?

இவற்றுக்கு மனமில்லாதவர்கள் துடைப்பத்தை அதற்குரியவரிடமே கொடுத்துவிடலாம். படத்துக்காகப் பிடிக்கும் கை அவருடைய வேலையை ஒரு நாளும் குறைத்ததில்லை.