நீரா, எண்ணெயா?

"நாங்கள் இரண்டு பேர் ஆறு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தாங்கள் ஒரு நடை வந்து தீர்த்துவைக்க வேண்டும்" என்று வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். சண்டை என்றதும் மதில் சுவர்த் தகராறாக இருக்கும் என்று நினைத்தேன். கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. சித்திரம் எழுத நீர் வர்ணம் உயர்ந்ததா, எண்ணெய் வர்ணம் உயர்ந்ததா என்பதுதான் வழக்கு!

பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய பூசணிக்காயை டிராயிங் வாத்தியார் யானை என்று எண்ணி மார்க் போட்டார். நடுநிலைமை வகிக்க இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கீழே பெரியவர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 71. அவர் நீர்க் கட்சி. மாடியில் குடியிருக்கும் இளைஞர் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அவர் எண்ணெய்க் கட்சி. இருவரும் யாரிடமும் முறையாகக் கற்றவர்கள் அல்ல. "சார்" என்றும் "தம்பி" என்றும் மரியாதையாக அழைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் வெளுத்து வாங்குகிறார்கள்.

பெரியவர் முதலில் தம் பெட்டியைத் திறந்தார். "பாருங்கள். ஒரு வில்லைப் பெட்டி, இரண்டு பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர். இதை எடுத்துக்கொண்டு திருவேற்காட்டுப் பக்கம் கூவம் கரைக்குப் போனால், காப்பி ஆறுவதற்குள் ஒரு படம் எழுதிவிடலாம். தம்பியின் சாமான்களைத் தூக்கக் கட்டை வண்டி பிடிக்க வேண்டும்!"

திருவேற்காடு என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வேல மரக் காடாக இருந்ததால்தான் அந்த ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். நீர் வர்ணத்தில் பொடியைக் காகிதத்தோடு ஒட்டவைப்பதும் வேல மரத்துக்குச் சொந்தக்கார மரம் ஒன்றின் பிசின்தான். இதைச் சொன்னதும், கேஸே ஜெயித்துவிட்ட மாதிரி பெரியவர் முகம் மலர்ந்தது.

இளைஞர் சும்மா இருப்பாரா? "நீர் வர்ணத்தில் வெள்ளை ஏது சார்? காகிதத்தை விட்டுவைத்தால்தானே வெள்ளை? ஒரு சொட்டு தவறி விழுந்தால் போச்சு. எண்ணெயில் அப்படியா? தப்பாகப் போனால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதலாம். இன்று எழுதிய மூக்கை அடுத்த வாரம் திருத்தலாம்" என்றார்.

அவர் சொல்வது நியாயம்தான். எண்ணெய் வர்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உள்ளே இழுத்து இறுகுகிறது. அதற்குச் சில நாளும் ஆகும். கனமாகப் பூசினால் பல வாரமும் ஆகும். (நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் ஏன் கூடாது என்று கேட்கிறீர்களா? அது காயவே காயாது. படத்தில் காலமெல்லாம் தூசிதான் ஒட்டும்.) புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அடிப் பூச்சில் டர்ப்பன்டைன் கலந்து எண்ணெயைக் குறைக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். மாற்றிச் செய்தால், கீழ்ப் பூச்சு காய்வதற்குள் மேல் பூச்சு இறுகி, கோடை வயல் மாதிரி வெடித்துவிடும்.

இந்த எண்ணெய் வித்தை ஒரு காலத்தில் பெரிய ரகசியமாக இருந்தது. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரச் சைத்திரிகர் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் படம் எழுத வந்தார். அங்கிருந்த இருபது வயது ரவி வர்மாவுக்கு அவர் பாடம் சொல்லித்தர இசையவில்லை. தாம் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தாராம். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர், 1873-ல் சென்னைக் கண்காட்சியில் பரிசு தட்டிக்கொண்டு போனார். இன்று அந்த ரகசியம் டியூபில் அடைபட்டுக் கடை கடையாகத் தொங்குகிறது. அந்தத் தகர டியூபும் 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்ததுதான். அதற்கு முன் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள் என்றால், சிலர் முகம் சுளிப்பீர்கள்.

"இரண்டும் வேண்டாம், அக்ரிலிக் வாங்கினால் என்ன?" என்று நான் சமாதானம் பேசிப் பார்த்தேன். இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அது தண்ணீரில் கரையும், காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, எல்லாம் சரி. ஆனால் சென்னைச் சித்திரை வெயிலில் தட்டிலேயே காய்ந்து பிளாஸ்டிக் ஆகிவிடுகிறதாம். ஆறு மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான் என்று நினைக்கிறேன்.

வேலப்பன்சாவடிக்காரர்கள் பலருக்குத் தெரியாத பெருமை ஒன்று உண்டு. அவர்கள் ஊர் வழியாகப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கு நோக்கிப் போனால், பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி வரும். 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஆரம்பித்த பள்ளி அது. தந்தி இலாகா உத்தியோகத்தை உதறிவிட்டு, 25 வயதில் கே.சி.எஸ். பணிக்கர் 1936-ல் மாணவராக நுழைந்தது அங்கேதான். தேவி பிரசாத் ராய் சௌதுரி அப்போது தலைவர். பணிக்கர் முதலில் பெயர் வாங்கியது நீர் வர்ணத்தில் எழுதிய தென்னந்தோப்புகளாலும் வாய்க்கால்களாலும். எண்ணெய் வர்ணத்துக்கும் போனார். 1957-ல் அந்தப் பள்ளிக்கே தலைவரானார். 1966-ல் அவர் முன்னின்று உண்டாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில், படம் விற்காத நாளில் சோறு போட்டது எது தெரியுமா? நீரும் அல்ல, எண்ணெயும் அல்ல. துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக்!

இதை ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தி முடித்தேன். தபால் இலாகாக்காரர் தந்தி இலாகாக்காரரின் கதையைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து வைத்தார். பதினொரு காகிதம். பதினொன்றிலும் ஒரே முகம். ஒரு வயதான அம்மாள். எதிலும் கண் முடிந்திருக்கவில்லை.

"என் சம்சாரம். போய் இரண்டு வருஷம் ஆகிறது" என்றார். "போட்டோ எடுக்க விடமாட்டாள். வாக்காளர் அட்டையில் ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்து அவளே சிரிப்பாள். நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். இமைக்குக் கீழே நிழல் கொஞ்சம் கூடினாலும் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். திருத்தப் போனால் காகிதம் நைந்துவிடுகிறது."

ஆக, ஆறு மாதச் சண்டையின் வேர் இங்கே இருந்தது.

"அதற்குத்தான் எண்ணெயில் எழுதலாம் என்கிறேன் சார்" என்றார் இளைஞர், இந்தத் தடவை குரலை உயர்த்தாமல்.

"ராஜம் எழுதவில்லையா தம்பி? சங்கீத மும்மூர்த்திகளை அவர் போட்டோ பார்த்தா எழுதினார்? நீர் வர்ணம்தானே?"

"அவர் எஸ். ராஜம் சார்! நாம்?"

பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு, "எண்ணெய்ப் படம் முழுக்கக் காய்ந்து வார்னிஷ் பூச ஒரு வருஷம் ஆகும் என்கிறானே. எனக்கு எழுபத்தொன்று" என்றார் என்னைப் பார்த்து.

தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கூவம் கரையில் விடிகிற வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது. அதற்கு நீர் வர்ணம்தான் சரி. எண்ணெயைக் குழைப்பதற்குள் வெயில் ஏறிவிடும். நினைவிலிருந்து வருகிற முகம் அப்படி அல்ல. இன்றைக்குப் புருவம் ஞாபகம் வரும். பத்து நாள் கழித்துக் கன்னத்து மடிப்பு. அதுவரை காத்திருக்கிற வர்ணம் வேண்டும். வார்னிஷ் பூசுவதை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், படத்தை முதலில் ஆரம்பியுங்கள் என்றேன். மழைக் காலத்தில் பூஞ்சையும், எந்தக் காலத்திலும் ராமபாணப் பூச்சியும் காகிதத்தை என்ன செய்யும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: டர்ப்பன்டைன் நெடி தமக்கு இருமலைக் கிளப்புகிறதாம், ஆகையால் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் எழுதுவாராம்.

இளைஞர் மாடிக்கு ஓடினார். வெள்ளைப் பூச்சுப் பூசித் தயாராக வைத்திருந்த ஒரு சின்னப் பலகையோடு இறங்கி வந்தார். எத்தனை நாளாக அதைத் தயாராக வைத்திருந்தாரோ!

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே மறுபடியும் சத்தம்.

"அரக்கு, தம்பி. அரக்குப் புடவை."

"இல்லவே இல்லை சார். கத்திரிப்பூ நிறம். நான் இங்கே குடி வந்த அன்று அம்மா அதைத்தான் கட்டிக்கொண்டு எனக்குச் சோறு போட்டார்கள்."

"நாற்பத்து மூன்று வருஷம் பார்த்தவன் நானா, நீயா?"

பூந்தமல்லியிலிருந்து வந்த பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.