மலை யாருக்குச் சொந்தம்?

கைத்தொலைபேசி இல்லாத லயன் அறை இன்று மலையகத்தில் அரிது. கொழும்பில் வேலை பார்க்கும் மகனின் குரலைக் கேட்கக் காத்திருக்கும் தாயின் மடியிலும் அது இருக்கிறது. பல கைத்தொலைபேசிகளை அதிரச் செய்வது டங்ஸ்டன் என்னும் கனமான உலோகத்தின் சிறு துண்டு. அத்துண்டு எவர் மலையை உடைத்து வந்தது? எவர் கிணற்றைக் கெடுத்து வந்தது? நாம் கேட்பதில்லை, கேட்டாக வேண்டும்.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மதுரைச் சீமையில், மேலூருக்கு அருகே உள்ளது அரிட்டாபட்டி. சமணர் படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் கொண்ட குன்றுகள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. ஆயினும் 2024 நவம்பரில் இந்திய மத்திய அரசு, அத்தலத்தின் பகுதியையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தை எடுத்தது.

டங்ஸ்டன் தாதுப் பாறை ஆயிரம் கிலோவை உடைத்தால், கிடைக்கும் உலோகம் பெரும்பாலும் பத்துக் கிலோவுக்கும் குறைவு. எஞ்சியவை மாவாக அரைக்கப்பட்டு நீரோடு கலந்த கழிவாகும். அது கசிந்தால் ஏரியும் கிணறும் வயலும் கெடும். இலாபம் சில ஆண்டுகளுக்கு, கழிவோ தலைமுறைகளுக்கு!

மேலூர் மக்கள் அஞ்சி ஒடுங்கினரா? இல்லை. கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பர் 9இல் தமிழகச் சட்டமன்றமும் எதிர்த்தது. 2025 ஜனவரி 7இல் மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் திரண்டு சென்றனர். ஜனவரி 23இல் ஏலம் ரத்தாயிற்று. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், இத்தகைய முக்கிய கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு விலக்களித்தது. ஒரு மலை தப்பியது. மற்ற மலைகளுக்காகப் பேசும் வாய் அடைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. எப்பாவலவின் பொசுபேற்றுப் படிவை 30 ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்க அந்நிய நிறுவனத்துக்கு இடமளிக்க முனைந்தபோது, அவ்வூரார் உயர் நீதிமன்றம் சென்றனர். நாட்டின் இயற்கை வளம் அரசாங்கம் விரும்பியவாறு கைமாற்றும் தனிச் சொத்தன்று என்ற கொள்கையை 2000ஆம் ஆண்டில் அம்மன்று நிலைநாட்டி, முறையான ஆய்வின்றி உடன்படிக்கை செய்யலாகாதெனத் தடுத்தது.

இவ்விரு வெற்றிகளுக்கும் அடிப்படை யாது? மேலூராருக்குப் பட்டா இருந்தது. கிராம சபை இருந்தது. எப்பாவல விவசாயிக்குக் காணி இருந்தது. நமக்கு? காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர் நம் பாட்டன்மார். அவர் பேரர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் குடியிருக்கும் லயன் அறைக்கு உறுதி இல்லை. காடிழந்த சரிவு எத்தகையது என்பதை 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் மூடிய லயன்கள் காட்டின. பொகவந்தலாவையில் கெசல்கமுவ ஓயாவின் கரையைக் கள்ள மாணிக்க அகழ்வு குடைவதையும் கண்டிருக்கிறோம். நாளை நம் தேயிலைச் செடியின் அடியில் ஓர் உலோகம் இருப்பதாக எவரேனும் அளவுக் கட்டையோடு வந்தால், காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பெனியினுடையது என்பர். நம்மைக் கேட்பவர் யார்?

கைத்தொலைபேசியை ஓயாவில் எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டைக் கோருவோம். குடியிருக்கும் காணிக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதி வேண்டும். சுற்றாடல் அறிக்கைகள் தமிழில் தோட்டத்துக்கே வர வேண்டும். அவற்றின் மீது கருத்துரைக்கச் சட்டம் தரும் 30 நாட்களை நாம் பயன்படுத்த வேண்டும். காணி உரிமை வீட்டுக்கான உரிமை மாத்திரமன்று. மலையைக் காக்கும் உரிமையும் அதுவே.